மூன்றாம் சால்

முன்னேர்க்கோட்டை என்று ஒரு நாடு இருந்தது. அது எந்தத் திசையில் என்று கேட்க வேண்டாம். வீட்டை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒருநாள் அதற்குள் போய்ச் சேரலாம். இறங்காமலேயே அதற்குள் இருப்பவர்களும் உண்டு.

மற்ற நாடுகளில் சட்டம் என்றால் ஓலைக்கட்டு ஒரு வண்டி இருக்கும். முன்னேர்க்கோட்டையின் சட்டம் ஒரே வரி: 'முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும்.' கோட்டை வாசலில் ஆள் உயரக் கல்லில் அதை வெட்டி வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தடவினார்கள். அதன்படி, ஆடி பிறந்து முதல் மழை விழுந்த மறுநாள் காலையில், அரசகாணி என்னும் நிலத்தில் மூத்த அரண்மனை முதல் சால் ஓட்டும்; சால் என்றால் ஏர் மண்ணில் கீறிப் போகும் தடம். அதன் பின்னால் இளைய அரண்மனை இரண்டாம் சால் ஓட்டும். பிறகு முரசு அடிப்பார்கள். முரசு கேட்ட பிறகுதான் குடிமக்கள் அவரவர் புன்செய்க் காட்டில் மூன்றாம் சாலில் தொடங்கலாம். முந்திக்கொண்டவனின் ஏரை நாற்சந்தியில் போட்டு உடைப்பார்கள். அவன் வீட்டு விதையை அள்ளி அரண்மனைப் புறாக்களுக்கு இறைப்பார்கள்.

இளைய அரண்மனை வந்த கதை சின்னக் கதைதான். ஏழு தலைமுறைக்கு முன்னால் ஓர் அரசருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு நாட்டைக் கொடுத்தார். இளையவன் மூன்று நாள் சாப்பிடாமல் குப்புறப் படுத்துக்கொண்டான். அழுகிற பிள்ளை கையில் எதையாவது கொடுத்தால் வாயை மூடும் என்று அரசர் இரண்டாம் சாலைக் கொடுத்தார். அவன் எழுந்து சாப்பிட்டான். அன்று முதல் அந்தக் குடும்பத்தின் சொத்து, பெருமை, தொழில் எல்லாம் அந்த ஒரு சால்தான். கல்யாணமோ கருமாதியோ, எங்கே போனாலும் கையைக் கட்டிக்கொண்டு, "நாங்கள் இரண்டாவதுதான், ஒரு சால் பின்னால் வந்தால் நாங்களும் உங்களில் ஒருவர்" என்று நிற்பார்கள். ஜனங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மூத்த அரண்மனைக்காரர்கள் யாரிடமும் பேச மாட்டார்கள். பேசுகிறவன் மேல்தானே பிரியம் வரும்.

இந்த இளைய அரண்மனையின் ஏரை உண்மையில் பிடித்தவள் செம்பாயி என்ற ஒரு குடியானவப் பெண். அரச குடும்பத்தார் ஏர் ஓட்டுவது என்றால் ஏரின் கைப்பிடியான மேழியின் மேல் வலது கையை வைத்துக்கொண்டு கூடவே நடப்பது. ஏர்முனையான கொழுவை மண்ணில் அழுத்துவது, கல் தட்டினால் தூக்குவது, வரப்பில் காளையைத் திருப்புவது எல்லாம் அந்தக் கைக்குக் கீழே இருக்கிற இன்னொரு கை. அது முன்பு செம்பாயியின் புருசன் கையாக இருந்தது. அவனைப் பாம்பு கடித்த வருசம், அரண்மனைக் காளைகள் வேறு யார் அதட்டலுக்கும் நகரவில்லை. ஒரு பெண்பிள்ளை ஏர் பிடிக்கலாமா என்று பெரியவர்கள் மூன்று நாள் பேசினார்கள். நான்காம் நாள் மழை பெய்துவிட்டது. பேச்சு நின்றது, செம்பாயி ஏரைப் பிடித்தாள். அரண்மனைத் தொழுவமும் அவள் பொறுப்புக்கு வந்தது.

அவளுக்குப் பிள்ளை கிடையாது. வீட்டில் கொழுந்தன் மூக்கன், அவன் பெண்டாட்டி பேச்சி, அவர்கள் பெற்ற மூன்று. வீட்டு மூலையில் ஒரு பானை நிறைய விதை வரகு. அதன் வாயைச் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி மூடியிருந்தாள். வரகு லேசில் சாகாது. கோயில் கலசத்தில் பன்னிரண்டு வருசம் கிடந்தாலும் முளைக்கும். பசி அப்படிக் காத்திருக்காது. அந்தப் பானையை எந்தக் கஷ்டத்திலும் உடைக்கக் கூடாது என்பது செம்பாயியின் சட்டம். அவள் அதைக் கல்லில் எழுதவில்லை, எண்ணெயும் தடவவில்லை.

அப்போது இளைய அரண்மனைத் தலைவர் வல்லபராயர். நல்ல உயரம், நல்ல குரல். ஒரு வருசம் இரண்டாம் சால் ஓட்டும்போது, மேழிமேல் கையை வைத்தபடி அவர் கேட்டார்.

"செம்பாயி, மனத்தில் பட்டதைச் சொல். இந்த நாட்டை உழுவது யார்?"

"காளைங்க உழுவுது மகாராசா."

"அதற்கும் மேலே?"

"நான் உழுவுறேன்."

"அதற்கும் மேலே?"

"மேல உங்க கை இருக்கு."

"ஆ," என்றார் வல்லபராயர். மூன்று பதிலில் கடைசிப் பதில் மட்டும் அவர் காதில் தங்கியது.

அந்த வருசம் மூத்த அரண்மனையில் ஆண்ட மூத்த ராயருக்கு முழங்கால் வலி. முதல் சால் நகம் கீறியதுபோல மேலோடு போயிற்று. ஆனாலும் மழை ஒழுங்காகப் பெய்து வரகு நன்றாக விளைந்தது. இதை வைத்து ஓலைநாயகம் எழுந்தார். அவர் அரச ஓலைகளை எல்லாம் எழுதி, படித்து, பொருளும் சொல்கிற அதிகாரி. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு பழம்பாடல் வைத்திருப்பார். சபையில் அவர் சொன்னார்: "முதற்சால் என்பது பூமித்தாயிடம் அனுமதி கேட்பது. கேட்பது வேறு, உழுவது வேறு. உழவு என்று சொல்லத்தக்கது இரண்டாம் சாலே. ஆகவே இரண்டாவதாக வருவதே முதலாவது என்பது வெள்ளிடைமலை."

சபையில் யாருக்கும் அது விளங்கவில்லை. விளங்காததை மறுத்துப் பேச யாருக்கும் தைரியமும் இல்லை. முதல் சால் யாருக்கு என்பதை ஊர்தோறும் குடம் வைத்து ஓலை போட்டுத் தீர்மானிப்பது என்று முடிவாயிற்று. வல்லபராயர் ஊர் ஊராகப் போனார். கையைக் கட்டிக்கொண்டே பேசினார். "ஏழு தலைமுறையாக நான் இரண்டாவது, நீங்கள் மூன்றாவது. என்னை ஒரு படி ஏற்றி விடுங்கள். நான் ஏறினால் என் இடம் காலியாகும். அது யாருக்கு? உங்களுக்கு. இரண்டாம் சால் இனி மக்கள் சால்."

ஜனங்கள் குடத்தை நிரப்பிவிட்டார்கள். மூக்கன் தன் ஓலையைப் போட்டுவிட்டு வந்து நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். "மதினி, அடுத்த ஆடிக்கு நம்ம ஏரு ரெண்டாஞ்சால்ல போவுது," என்றான். செம்பாயிக்கும் உள்ளுக்குள் சந்தோசம்தான். சும்மா சொல்லக் கூடாது, வல்லபராயரின் கை மற்ற ராயர்கள் கையைவிடக் கனம் குறைவு. மூத்த ராயர் தீர்த்த யாத்திரைக்கு அனுப்பப்பட்டார். திரும்ப வேண்டியதில்லை என்ற ஓலை அவருக்கு முன்னாலேயே எல்லாச் சத்திரங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த ஆடியில் மழை சொன்ன சொல் தவறாமல் வந்தது. அரசகாணியில் வல்லபராயர் முதல் ஏரில் கையை வைத்தார். கீழே செம்பாயியின் கை. பாதிச் சால் போனதும் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உடனே அவர் கை வியர்த்தது. அந்த ஈரம் மேழி வழியே அவள் விரல்வரை வந்தது.

"செம்பாயி, பின்னால் நிற்பது யார்?"

"சனங்க மகாராசா. ரெண்டாஞ்சாலுக்கு ஏரு கட்டி நிக்கிறாங்க. நீங்க சொன்னதுதான."

"எத்தனை பேர்?"

"அத்தனை பேரும்."

ஏழு தலைமுறையாக முன்னால் போகிறவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே நடந்த குடும்பம் அது. அப்படி நடக்கிறவன் மனத்தில் என்னென்ன ஓடும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் நாட்டிலே இல்லை. தன் பிடரியை இப்போது ஒரு நாடே பார்க்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. சால் முடிந்ததும் பல்லக்கில் ஏறிப் போய்விட்டார்.

ஓலைநாயகம் மேட்டில் ஏறி நின்று வாசித்தார். "மக்கள் சால் மக்களுக்கே. இதில் ஐயம் வேண்டாம். ஆனால் மக்கள் என்பவர் யார், அவருள் எவர் கையால் ஓட்டுவது என்பதை ஆராய ஐவர் குழு அமைக்கப்படுகிறது. குழுவின் முடிவு வரும்வரை முரசு ஓய்வெடுக்கும்."

"சாமி, மழை ஓய்வெடுக்காதே," என்றாள் செம்பாயி.

"மழையும் அரசரின் குடியே, அம்மா. காத்திருக்கும்."

மழை காத்திருக்கவில்லை. குழு கார்த்திகையில் கூடி, கூடியதற்கு மகிழ்ச்சி தெரிவித்துக் கலைந்தது. அந்த வருசம் நாட்டில் ஒருவரும் விதைக்கவில்லை. மேலூரில் ஒருவன் மட்டும் துணிந்து தன் காட்டில் நான்கு சால் ஓட்டினான். அவன் ஏரை உடைத்த சத்தம் அடுத்த ஊர்வரை கேட்டது. அவன் விதையைப் புறாக்கள் தின்றன. குதிரில் இருந்த பழைய வரகைக் குத்தி எல்லோரும் நாளைத் தள்ளினார்கள். செம்பாயி வீட்டுப் பானை மூலையிலேயே இருந்தது.

இரண்டாம் வருசம் முணுமுணுப்பு கூடியது. இப்போது அரசராகிவிட்ட வல்லபராயர், சரி, இரண்டாமவரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று அறிவித்தார். ஊர்கள் எல்லாம் மறுபடியும் குளிர்ந்தன. நாற்பத்தொரு பேர் நின்றார்கள். அதில் மூக்கனும் ஒருவன். அவன் நின்றதற்குக் காரணம் அந்தப் பானைதான். இரண்டாம் சாலைத் தானே ஓட்டிவிட்டால் முரசு விழும், முரசு விழுந்தால் பானையைத் திறக்கலாம் என்று அவன் நம்பினான். நல்ல காரணத்துக்காகத்தான் பல பேர் தேர்தலில் நிற்கிறார்கள்.

விதியை ஓலைநாயகம் வகுத்தார். "அதிக ஓலை பெறுபவர் முதலாமவர் ஆகிறார். முதலாமவர் நம் அரசர் ஒருவரே. ஆகவே அதிக ஓலை பெறுவது இராசத் துரோகம். அதற்கு அடுத்த ஓலை பெறுபவரே இரண்டாமவர்."

அப்படி ஒரு தேர்தலை உலகம் கண்டதில்லை. நாற்பத்தொரு பேரும் வீடு வீடாகப் போய், "எனக்குப் போடுங்க, ஆனா பார்த்துப் போடுங்க" என்று கும்பிட்டார்கள். எதிரியைப் புகழ்ந்து பேசினார்கள். ஒருவன் தன் எதிரிக்கு ஓலை சேர்க்கச் சொந்தக் கடாவை வெட்டிச் சோறு போட்டான். குடத்தை உடைத்துப் பார்த்தபோது பேரையூர்க்காரன் ஒருவன் முதலாவதாக வந்துவிட்டான். அவனைச் சிறையில் போட்டு அவன் ஓலைகளைத் தள்ளினார்கள். அவனைத் தள்ளியதும் இரண்டாவதாக வந்தவன் முதலாவதாகிவிட்டான். அவனையும் போட்டார்கள். விதி விதிதானே. ஏழு நாளில் நாற்பதாவது ஆளும் உள்ளே போனான். கடைசியாக மூன்று ஓலை வாங்கியிருந்த மூக்கன் மட்டும் மிஞ்சினான்.

"இவன் ஒருவனே இருப்பதால் இவனே முதலாமவன்," என்றார் ஓலைநாயகம். மூக்கனும் உள்ளே போனான்.

செம்பாயி சிறை வாசலுக்குக் கஞ்சி கொண்டு போனபோது அவன் கம்பிக்குள்ளிருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "மூணே மூணு ஓலை மதினி. என்னுது ஒண்ணு, பேச்சியுது ஒண்ணு. மூணாவது யாரு போட்ட பாவின்னு தெரியல."

"நான்தான் போட்டேன்," என்றாள் செம்பாயி. "குடி கஞ்சிய."

அந்த வருசமும் மழை வந்தது, பார்த்தது, போயிற்று.

மூன்றாம் வருசம் அரசருக்கு உறக்கம் கெட்டது. இரண்டாவது என்ற ஒன்று நாட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அது என்றாவது முதலாவதாகத்தான் பார்க்கும் என்று அவர் கண்டுபிடித்தார். தான் நடந்து வந்த பாதையைத் தானே நன்றாக ஆராய்ந்து கண்டுபிடித்தது. ஆகவே ஒரே ஓலையில் எல்லா இரண்டாவதும் ஒழிக்கப்பட்டது. குடிமக்கள் உண்ணும் இரண்டாம் வேளைக் கஞ்சி ஒழிந்தது. கிணற்றில் இரண்டாம் வாளி ஒழிந்தது. ஏரில் பூட்டும் இரண்டு மாடுகளில் எது இரண்டாவது என்று ஒன்பது நாள் விவாதித்து, இடப்பக்கத்து மாடு என்று கண்டு, நாட்டிலுள்ள இடப்பக்கத்து மாடுகளை எல்லாம் ஓட்டி வந்து அரண்மனைத் தொழுவத்தில் அடைத்தார்கள். செம்பாயி வீட்டு ஜோடியில் வலத்து மாடு செவலை வீட்டில் நின்றது; இடத்து மாடு மயிலை வந்து தொழுவத்தில் சேர்ந்தது. தொழுவம் அவள் பொறுப்பு என்பதால், தன் மாட்டுக்கு அரண்மனை மாடாகத் தினமும் தீவனம் வைத்தாள். அது அவள் முகத்தைப் பார்த்துக் கத்தும். ஜோடி இல்லாத மாடுகளோடு அந்த ஆடியும் விதைக்காமலே போயிற்று.

அரசருக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவன் இரண்டாவது என்பதில் சந்தேகமே இல்லை. அவனுக்கு மொட்டை போட்டுக் காவி கொடுத்து ஒரு மடத்துக்கு அனுப்பினார்கள். மூத்தவன் தப்பித்தான் என்று எல்லோரும் நினைத்தபோது ஓலைநாயகம் தொண்டையைச் செருமினார்.

"அரசே, சொல்ல நா கூசுகிறது. ஆனாலும் முறை முறைதான். தங்களுக்கு அடுத்துப் பட்டத்துக்கு உரியவர் என்றால், எண்ணிக்கையில் அவர் எத்தனையாவது?"

வல்லபராயர் திரும்பி மகனைப் பார்த்தார். மகன் அப்போது அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அது போதாத நேரம். அவனைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அரசருக்குப் பிள்ளைகளே பிறக்கவில்லை என்று முத்திரை குத்தி ஓலை எழுதி, பழைய ஓலைகளை அடுப்பில் போட்டார்கள். அன்று அரசர் தொழுவத்துக்கு வந்து காளைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். செம்பாயிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்து என்ன ஆகப் போகிறது, வீட்டில் மூன்று குழந்தைகள் ஒரு வேளைக் கஞ்சியில் சுருண்டு கிடந்தன.

பங்குனியில் அரசருக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியர் நல்ல கைராசிக்காரர். முதல் வேளைக் கசாயத்தில் காய்ச்சல் பாதி இறங்கியது. அரசர் எழுந்து உட்கார்ந்து மறுவேளை மருந்தைக் கேட்டார். வைத்தியர் ஓலைநாயகத்தைப் பார்த்தார். ஓலைநாயகம் கூரையைப் பார்த்தார்.

"அரசே, முதல் வேளை மருந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தரலாம். ஆனால் ஒருமுறை தந்த பிறகு தருவது..." என்று அவர் இழுத்தார்.

"சட்டத்தை மாற்று," என்றார் அரசர்.

"மாற்றலாம். ஆனால் இந்தப் பொருள் பற்றித் தாங்கள் இடும் இரண்டாம் ஆணையாக அது ஆகிவிடுமே."

வல்லபராயர் மூன்றாம் நாள் இறந்தார். இப்படியாக ஏழு தலைமுறை இரண்டாவதாக இருந்து, மூன்று வருசம் முதலாவதாக இருந்த இளைய அரண்மனை அணைந்தது. கப்பலில் போன மூத்த பிள்ளை செய்தி கேட்டுத் திரும்பி வந்து கோட்டை வாசலில் நின்றான். அரசருக்குப் பிள்ளையே இல்லை என்ற முத்திரை ஓலையை ஓலைநாயகம் கண்ணீர் மல்க அவனிடம் காட்டினார். அவன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, அதுவும் குற்றமோ என்று பயந்து, வந்த கப்பலிலேயே போய்விட்டான். சிறையில் ஊற்றக் கஞ்சி இல்லாததால் காவலர்கள் நாற்பத்தொரு பேரையும் வெளியே விட்டுவிட்டார்கள். மூக்கன் எலும்பும் தோலுமாக வீடு வந்தான்.

ஆடி பிறந்தது. ஐந்தாம் நாள் மழை பெய்தது. எப்படிப்பட்ட மழை! ராத்திரி முழுக்க நிதானமாக, மண்ணைக் கேட்டுக் கேட்டுப் பெய்த மழை. விடிந்ததும் ஓலைநாயகம் முரசு மேடையில் ஏறினார். "அரசர் இல்லை, ஆகவே முதல் சால் இல்லை. முதல் இல்லாததால் இரண்டாவதும் இல்லை. எனவே மூன்றாவதற்கு இடமே இல்லை. தகுந்த முதலாமவரைத் தேடும் பணி தொடங்கிவிட்டது. அதுவரை எவர் ஏர் ஓட்டினாலும் பழைய தண்டனையே."

ஜனங்கள் அரசகாணியின் வரப்பில் ஒற்றை மாடுகளோடு நின்றார்கள். யாருக்கும் தன் காட்டுக்குப் போகக் கால் வரவில்லை. தண்டனைக்குப் பயந்தது பாதி. முன்னால் ஒரு சால் இல்லாத மண்ணில் கொழுவை இறக்கி அவர்களுக்குப் பழக்கமே இல்லை, அது மீதிப் பாதி.

வீட்டில் பேச்சி பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் உலக்கை.

"வைக்காத கைய," என்றாள் செம்பாயி.

"அக்கா, சின்னது நேத்துலேருந்து எந்திரிக்கல. இது விதைன்னு நீ சொல்லுற. விதைக்க முடியாதது எப்படி விதையாவும்? அது வெறும் வரகு. குத்தினா ஒரு மாசம் ஓடும்."

"ஒரு மாசம் கழிச்சு?"

"ஒரு மாசம் கழிச்சு நீ சொல்லு, நான் கேக்குறேன்."

பேச்சி சொல்வது நியாயம்தான். மூன்று வருசமாக அவள் காத்த பானை, இன்று விதைக்காவிட்டால் நாளை உலையில் போகும். விதைத்துப் பிடிபட்டால் புறாவுக்குப் போகும். அவள் வாசலுக்கு வந்து ஈர மண்ணை ஒரு கை அள்ளிப் பிசைந்து பார்த்தாள். உருண்டை பிடித்தது, லேசாக அழுத்தினால் உதிர்ந்தது. நாளை மறுநாள் இந்தப் பதம் இருக்காது.

"மூக்கா, செவலையப் பிடிச்சுக்கிட்டு அரசகாணிக்கு வா. ஏர எடுத்துக்க. பேச்சி, உலக்கைய அந்தாண்ட வெச்சிட்டுப் பானை வாய உடை. விதைய மடியில கட்டிக்கிட்டு என் பின்னால வா."

நேரே தொழுவத்துக்குப் போய்ப் படலைத் திறந்து விட்டாள். அடைபட்டிருந்த மாடுகள் முதலில் நம்பாமல் நின்றன. மயிலை முதலில் வெளியே வந்தது. பிறகு மற்றவை வந்து, வரப்பில் நின்ற தன் தன் ஜோடியைத் தேடிப் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டன. எந்த மாட்டுக்கும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. காவலர்கள் தடுத்திருக்கலாம், ஆனால் அவர்கள் வீட்டு மாடுகளும் அதில் இருந்தன.

செவலையை வலத்திலும் மயிலையை இடத்திலும் பூட்டி, செம்பாயி மேழியை அழுத்தினாள். மேலே வேறு கை இல்லாமல் ஏர் ஓட்டுவது அவளுக்கு அன்றுதான் முதல் தடவை. இவ்வளவு லேசா இந்த ஏர் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாழ்க்கையில் அவள் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. பேச்சி விதையை வீசிக்கொண்டே வந்தாள். மூக்கன் வரப்பில் நின்று நகத்தைக் கடித்தான்.

முதல் திருப்பத்துக்குள் ஓலைநாயகம் பல்லக்கில் வந்து இறங்கிவிட்டார். கூட வந்த ஒருவன் கையில் பட்டுப் பரிவட்டம் வைத்த தட்டு. இன்னொருவன் கையில் விலங்கு வைத்த தட்டு.

"நிறுத்து அம்மா. முதல் சால் ஓட்டியவள் நீ. முதல் சால் ஓட்டுகிறவர் ஒன்று அரசராக இருக்க வேண்டும், இல்லை குற்றவாளியாக இருக்க வேண்டும். நாட்டுக்கு இப்போது அரசர் தேவைப்படுகிறார். தலையைக் குனிந்தால் பரிவட்டம் கட்டுகிறேன். முடிசூட்டு விழா நாற்பத்தெட்டு நாள். அது முடிந்ததும் இரண்டாமவர் யார் என்று ஆராய்ந்து, முறைப்படி உழவைத் தொடங்கலாம்."

பேச்சி மடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். செம்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆனால் ஏரை நிறுத்தவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டே பேசினாள். ஓலைநாயகம் சேற்றில் கூடவே நடக்க வேண்டியதாயிற்று.

"நான் எங்க சாமி முதச்சால் ஓட்டுனேன்? இது மூணாஞ்சால்."

"மூன்றாவதா? அப்படியானால் முதல் சால் எங்கே?"

"கோட்டை வாசக் கல்லுல என்ன வெட்டியிருக்கு சாமி? எனக்கு எழுத்துத் தெரியாது."

"முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும்."

"அது பொய்யா இருக்குமோ?"

"அபசாரம். அது ஒருநாளும் பொய்க்காது. இந்த நாடு நிற்பதே அதன் மேல்தான்."

"அப்போ சரி. பின் ஏரு இந்தா போயிக்கிட்டிருக்கு, நீங்களே கண்ணால பாக்குறீங்க. முன் ஏரு போகாம இது போயிருக்குமா? போயிருக்காதுல்ல?"

ஓலைநாயகம் வாயைத் திறந்தார். முன் ஏர் போகவில்லை என்றால் கல் பொய். போயிற்று என்றால் முன்னால் யாரோ போயிருக்கிறார்கள். ஐம்பது வருசமாக எந்த வரிக்கும் எந்தப் பொருளும் சொல்லிவந்த மனிதர், ஒரு வரிக்கு அதன் பொருளையே சொல்லக் கேட்டுத் திகைத்துப் போனார்.

"போனவர்கள் யார்? முகம் பார்த்தாயா?" என்றார் கடைசியில்.

"பின் ஏருக்குப் பிடரிதான சாமி தெரியும்."

"எங்கே அவர்கள்?"

"முன்னால. ரொம்ப முன்னால போயிட்டாங்க. பல்லக்கத் தூக்கச் சொல்லி வேகமாப் போனா ஒருவேள பிடிச்சிரலாம்."

ஓலைநாயகம் இரண்டு தட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு பல்லக்கில் ஏறிக் கிழக்கே போனார். பரிவட்டத்துக்கும் விலங்குக்கும் ஏற்ற ஆட்கள் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது. பல்லக்கு கண்ணுக்கு மறைவதற்குள் வரப்பிலிருந்து ஒருவன் தன் காட்டுக்கு நடந்தான். பிறகு பத்துப் பேர், பிறகு எல்லோரும். வழியில் ஓலைநாயகம் பல்லக்கை நிறுத்தி நிறுத்தி விசாரித்தாராம். எந்தக் காட்டில் கேட்டாலும் ஒரே பதில்: "எனக்கு முன்னால ரெண்டு பேரு போயிருக்காங்க சாமி." அவர் இன்னும் திரும்பவில்லை.

அதன் பிறகு முன்னேர்க்கோட்டையில் பல ஆடிகள் வந்தன. நாட்டில் எல்லோரும் மூன்றாவது. வழக்கு வந்தால் மூன்றாமவர் நான்கு பேர் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். குழந்தைகள் எண்ணும்போதுகூட மூன்றிலிருந்து தொடங்கும். ஒன்றும் இரண்டும் எங்கே என்றால் கிழக்கே கையைக் காட்டும். வரகு அப்படி விளைந்தது.

ஒரு வருசம், மழைக்கு மறுநாள், ஒரு மனிதர் வந்தார். வெள்ளை வேட்டி, வெறுங்கால், இரண்டு கையும் கூப்பியபடி. செம்பாயி காட்டில், வரப்பில் விதைப் பானையை வைத்துவிட்டு மூக்கன் ஏர் பூட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் பத்து இருபது பேர் நின்றார்கள். வந்தவர் எல்லோரையும் பார்த்துத் தலையைத் தரைவரை தாழ்த்தினார்.

"நான் முதலாவது அல்ல, இரண்டாவது அல்ல, உங்களைப்போல் மூன்றாவதுகூட அல்ல. உங்கள் எல்லோருக்கும் பின்னால் கடைசியாக நிற்பவன். உங்கள் கால் தூசி. உங்களில் ஒருவன்."

குரல் நன்றாக இருந்தது. இரண்டொருவர் நெகிழ்ந்துகூடப் போனார்கள். செம்பாயி ஏரை அவர் பக்கம் திருப்பி, "அப்படியா ஐயா, சந்தோசம். மழை கூடியிருக்கு, கை பத்தல. இந்தா, ரெண்டு சால் ஓட்டிட்டுப் போங்க," என்றாள்.

அவர் ஒரு அடி முன்னால் வந்து புன்னகைத்தார்.

"நீங்களே ஓட்டுங்கள் அம்மா. உங்களுக்குத்தான் பழக்கம். நான் மேலே கையை மட்டும் வைத்துக்கொள்கிறேன்."

செம்பாயி திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தாள்.

"மூக்கா, விதைப் பானையத் தூக்கி வீட்டுக்குள்ள வை."